காரைக்குடிப் பக்கம் நஞ்சில்லாத அச்சோவியப் பட்டறை: எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஓவியக் கல்லூரியில் கிராஃபிக்ஸ் (அதாவது அச்சோவியம்) எடுத்துப் படித்த நண்பர்கள் சிலர் சேர்ந்து, கானாடுகாத்தான் பக்கம் உங்கள் ஐயா வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு பட்டறை போட நினைக்கிறீர்கள். கலைஞர்களே சேர்ந்து நடத்த வேண்டும், முதலாளி என்று ஒருவர் இருக்கக் கூடாது. மரபான முறைகளில் அச்சிட வேண்டும், ஆனால் கல்லூரியில் மூச்சை அடைத்த ஆசிட் நெடி இங்கே வரக் கூடாது. எந்த நுட்பத்தில் தொடங்குவது, எதை வாங்குவது, எதை ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். இந்த ஊருக்கு அது ரொம்பப் பொருந்தும் என்றும் நினைக்கிறேன். ஆனால் ‘நான்-டாக்ஸிக்’ என்று லேபிள் ஒட்டிய டப்பாக்களை வாங்கி அடுக்குவதில் தொடங்காதீர்கள். நஞ்சே தேவைப்படாத நுட்பங்கள் அச்சோவியத்தில் எத்தனையோ இருக்கின்றன: மரக்கட்டையைச் செதுக்கும் வுட்கட், லினோலியத்தை வெட்டும் லினோ, ஊசியால் தகட்டைக் கீறும் டிரைபாயிண்ட், உளியால் தகட்டை வெட்டும் எங்ரேவிங், அட்டையில் பொருள்களை ஒட்டி அச்செடுக்கும் கொலாகிராஃப். முதல் ஓராண்டு அவற்றில் மட்டும் வேலை செய்யுங்கள். எட்சிங் (தகட்டை ரசாயனத்தால் அரித்து அச்செடுப்பது) பிறகு வரட்டும். வரும்போதும் நைட்ரிக் ஆசிட்டோடு வர வேண்டாம். லித்தோவை (கல்லில் வரைந்து அச்செடுப்பதை) இப்போதைக்குத் தொடாதீர்கள்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். வளவில் (நடு முற்றத்தில்) விழுகிற மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். செட்டிநாட்டு வீடுகள் மழையைச் சேமிக்கவென்றே கட்டப்பட்டவை. கூரைத் தண்ணீர் நாலு பக்கமும் வளவுக்குள் இறங்கி, கல் தூம்பு வழியாகக் கிணற்றுக்கோ, தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்கோ போகும். வளவில் தொட்டியைக் கழுவி ஊற்றினால் அது ஊருணியில் ஊற்றியது மாதிரிதான். பட்டறையில் பயன்படும் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) மனிதரை உடனே ஒன்றும் செய்யாமல் போகலாம், ஆனால் மீனையும் பாசியையும் மிகக் குறைந்த அளவிலேயே கொன்றுவிடும். ஆகவே ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று கேட்கும்போது, நம் மூக்குக்கு நெடி அடிக்கிறதா என்பதோடு நிறுத்தக் கூடாது. கழுவிய தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பட்டறைக்கு என்று தனி சிங்க், அதற்குக் கீழே வெளியே எங்கும் இணையாத ஒரு பிளாஸ்டிக் டிரம். ஆணி அடிப்பதற்கு முன் இதை முடிவு செய்துவிடுங்கள்.

சுவரும் தரையும் இன்னொரு காரணம். உங்கள் வீட்டுச் சுவர், சுண்ணாம்பை நுண்ணிய மாவாக அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளக்க வைத்தது. சுண்ணாம்பு அமிலத்தைத் தாங்காது. நைட்ரிக் புகை நாள்தோறும் படிந்தால் நூறு வருஷம் கண்ணாடி மாதிரி இருந்த சுவர் பொரிந்து சொரசொரப்பாகிவிடும். இத்தாலியப் பளிங்குத் தரையும் அப்படித்தான், ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான், அது சிமெண்டுதானே. புகையில்லாத சிட்ரிக் ஆசிட்டும், பாதுகாப்பானது என்று எல்லோரும் சொல்லும் வினிகரும்கூட ஒரு துளி சிந்தினால் பளிங்கின் மெருகைத் தின்று வெள்ளைப் புள்ளி வைத்துவிடும். ஈர வேலை எல்லாமே விளிம்பு வைத்த பெரிய டிரேக்குள் நடக்கட்டும்.

கல்லூரிப் பட்டறையில் உங்களை வருத்தியது எது எது என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. நைட்ரிக் ஆசிட் செம்பைத் தின்னும்போது எழும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்ஸைடு. அதை நிறைய சுவாசித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாமல் இருந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால்தான் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை. அக்வாடின்ட்டுக்கு (எட்சிங்கில் நிழல்தொனி வரவைக்கும் முறைக்கு) தூவும் ராசின் தூள், அதாவது பைன் மரப் பிசின் தூள், ஆஸ்துமாவைக் கிளப்பும். மூடிய பெட்டிக்குள் அது பறந்துகொண்டிருக்கையில் தீப்பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். பிளேட்டைத் துடைக்க மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன். கடைசியாக, சில நிறங்களில் ஈயமும் குரோமியமும்.

‘மரபு’ என்ற பெயரைக் கண்டதும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. நம் பழைய ஓவியர்கள் தீட்டிய அரிதாரம் ஆர்சனிக். சாதிலிங்கம் பாதரசம். செந்தூரம் ஈயம். நிறத்துக்காக அவற்றை நான் மதிக்கிறேன், பட்டறைக்குள் விடமாட்டேன்.

இனி நுட்பங்கள். மரத்திலிருந்து தொடங்குவதுதான் இந்த ஊருக்கு இயற்கை. நிலைக்கதவில் கஜலட்சுமியும் யாளியும் கொடியும் செதுக்கிய ஆசாரிமாரின் வழி இன்னும் காரைக்குடியைச் சுற்றி இருக்கிறது. உளி பிடிப்பதையும் உளி தீட்டுவதையும் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் படித்தவர்களில் பலருக்கு உளி தீட்டத் தெரியாது. மழுங்கிய உளிதான் பட்டறையில் கையை வெட்டும், ஏனென்றால் அதைத் தள்ள அதிக பலம் வேண்டும், அதிக பலம் கொடுத்த உளி வழுக்கும்.

பலரும் இங்கே வந்ததும் இடித்த வீட்டுப் பர்மாத் தேக்கைத்தான் தேடுவார்கள். பழைய சாமான் கடைகளில் கிடைக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் தேக்கில் மணல்சத்து உண்டு, உளியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். இழைக்குக் குறுக்கே வெட்டினால் சிம்பு தெறிக்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். பெரிய, துணிச்சலான வடிவங்களுக்குத் தேக்கு அழகு, அதன் இழைரேகையே படத்தில் பேசும். நுண்ணிய கோட்டுக்கு மஞ்சக்கடம்பு மாதிரி நெருங்கிய இழையுள்ள மரம் கேளுங்கள், ஆசாரிக்குத் தெரியும். எம்.டி.எஃப். பலகையைத் தவிர்க்கலாம், அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, செதுக்கும்போது வருவதும் மாவு மாதிரி தூள். லினோலியம் நல்லது: ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள், சணல் துணி ஆகியவற்றால் ஆனது. குளிர்நாட்டில் அதைச் சூடுபடுத்தி இளக்கிய பிறகுதான் வெட்டுவார்கள், நமக்குச் சித்திரை வெயிலே போதும். கடையில் லினோ என்று விற்கும் பலதும் வினைல்தான் என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

மரத்தை அச்சிட இரண்டு வழி. ஒன்று எண்ணெய் மை, ரோலர், பிரஸ். இன்னொன்று ஜப்பானிய மொகுஹங்கா முறை. இதில் எண்ணெயும் இல்லை, பிரஸ்ஸும் இல்லை. அரிசி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, நீரில் குழைத்த நிறத்தோடு கட்டையின் மேலேயே தூரிகையால் கலந்து தேய்த்து, ஈரக் காகிதத்தை வைத்து, மூங்கில் பாளை சுற்றிய ‘பாரென்’ என்னும் வட்டத் தேய்ப்பானால் பின்புறம் தேய்ப்பார்கள். கட்டையின் மூலையிலேயே வெட்டிய சிறு பள்ளம்தான் காகிதத்தை நிறத்துக்கு நிறம் ஒரே இடத்தில் உட்கார வைக்கும். துடைக்கத் தண்ணீர் போதும். நடுவீட்டுக்கோலம் போடுகிற வீட்டில் அரிசி மாவின் பதம் சொல்லித்தர ஆளா இல்லை? இரண்டு எச்சரிக்கை மட்டும். நம் வெயிலில் கஞ்சி ஒரே நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். பத்து மணிக்கு மேல் நிறம் கட்டையிலேயே காய்ந்துபோகும், விடியற்காலையில் அச்சிடுங்கள்.

உலோகத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆசிரியர்கள் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள். செட்டிநாட்டில் சீர் சாமான் ஒவ்வொன்றிலும், பித்தளை அண்டாவிலிருந்து எவர்சில்வர் கரண்டி வரை, வீட்டு இனிஷியல் வெட்டியிருக்கும். சிறு உளி, சிறு சுத்தி, புள்ளி புள்ளியாக நகரும் கை. இப்போது மின்சார ஊசி வந்துவிட்டது, ஆனாலும் கையால் வெட்டத் தெரிந்த முதியவர்கள் அங்கங்கே உண்டு. ஐரோப்பாவில் செம்புத்தகட்டு எங்ரேவிங் 15ஆம் நூற்றாண்டில் பொற்கொல்லர் பட்டறையிலிருந்துதான் பிறந்தது. நகையிலும் பாத்திரத்திலும் வெட்டிய கை, அந்தக் கோட்டில் மையை நிரப்பிக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தது, அவ்வளவுதான். அதே கை நம்மூரில் இருக்கிறது, மையும் காகிதமும்தான் அதற்குக் கிடைக்கவில்லை. ஒரு பெயர்வெட்டுக்காரரை அழைத்து, ஒரு செம்புத் தகட்டைக் கொடுத்து, அவர் வெட்டியதை அச்செடுத்து அவரிடமே காட்டுங்கள். எழுத்து இடவலம் மாறி விழுவதைப் பார்த்த பிறகு அடுத்த தகட்டில் அவரே திருப்பி வெட்டுவார். பட்டறையில் அவருக்கு ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுங்கள், ‘கைவினைஞர் விருந்தினர்’ என்று ஒரு நாள் சால்வை போட்டு அனுப்பிவிட வேண்டாம்.

ஓலைச்சுவடியும் இதே குடும்பம்தான். எழுத்தாணி ஓலையைக் கீறும், கீறலில் விளக்குக்கரியும் எண்ணெயும் சேர்ந்த மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்தால் எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும். கீறு, மை நிரப்பு, துடை. டிரைபாயிண்ட்டின் முதல் மூன்று படிகளும் இவைதான், நாலாவதாக ஒரு காகிதத்தை வைத்து அழுத்துகிறோம். டிரைபாயிண்ட்டுக்கு ஊசி முனையும் ஒரு தகடும் போதும். செம்பு விலை அதிகம் என்றால், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் கழித்துப்போடும் ஆஃப்செட் அலுமினியத் தகடுகளைக் கேட்டு வாங்குங்கள், சிவகாசியில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். மெல்லிய தகடு, கத்தரிக்கோலால் வெட்டலாம். கீறலின் ஓரத்தில் எழும் பிசிறுதான் அந்த வெல்வெட் கறுப்பைத் தருவது. பிரஸ்ஸின் அழுத்தத்தில் அது நசுங்கிவிடும், பத்திருபது நல்ல பிரதிகளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். எடிஷனை (ஒரு தகட்டிலிருந்து எடுக்கும் பிரதிகளின் எண்ணிக்கையை) சிறியதாக வையுங்கள்.

கொலாகிராஃப் பற்றி நிறையச் சொல்லலாம். அட்டையில் பொருள்களை ஒட்டி, பூச்சு கொடுத்து, அதையே தகடாக வைத்து அச்சிடுவது. கொட்டான் முடைகிற பனையோலைக் கீற்று, கண்டாங்கிச் சேலையின் முரட்டு நூல், உமி, எல்லாம் தன் தன் சுவட்டை விட்டுவிடும். தரைப் பாலிஷ் போடுபவர்கள் வைத்திருக்கும் கார்போரண்டம் தூளைப் பசையில் கலந்து பூசினால் ஆழ்ந்த கறுப்பு கிடைக்கும். ஆன்ரி கோட்ஸ் 1960களில் பாரிஸில் பரப்பிய முறை இது, ஸ்பெயின் ஓவியர் மிரோ தன் பெரிய அச்சுகளுக்கு இதை எடுத்துக்கொண்டார். ராசின் தூள் தரும் அதே தொனி, ஒரு பெட்டியும் தீயும் இல்லாமல். தூளைப் பசையில் கலக்கும் அந்த நிமிஷம் மட்டும் முகக்கவசம் போடுங்கள்.

ஆத்தங்குடிக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்து வாருங்கள் என்று இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. கண்ணாடியின் மேல் உலோக அச்சுச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு அறையிலும் நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, சட்டத்தை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் இட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம்தான் கடைசியில் கல்லின் முகம். அதாவது அவர்களும் படத்தை முகம் கவிழ்த்து, திருப்பித்தான் யோசிக்கிறார்கள். அச்சோவியருக்குப் பழக வேண்டிய மூளைப் பயிற்சி அதுவே. அடுப்பும் தீயும் இல்லாமல் கல் செய்கிற அந்த ஊரிலிருந்து, பழுதான அச்சுச் சட்டங்களை வாங்கி ஸ்டென்சிலாகப் பயன்படுத்தலாம்.

எட்சிங்கை எப்போது ஆரம்பித்தாலும் இரண்டு வழிகளைப் பரிசீலியுங்கள். முதல் வழி ஃபெரிக் குளோரைடு. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கிறார்களே, அதே சரக்கு. செம்பில் வேலை செய்யும்போது நச்சுப் புகை வராது. ஆனால் அரிப்பில் உண்டாகும் வண்டல் கோட்டுக்குள் அடைத்துக்கொள்ளும், அதனால் தகட்டைக் கவிழ்த்துப்போடவோ செங்குத்தாகத் தொங்கவிடவோ வேண்டியிருந்தது. 1990களில் எடின்பரோவில் ஃப்ரீட்ஹார்ட் கீகெபென் அதில் சிட்ரிக் ஆசிட் சேர்த்துப் பார்த்தார். வண்டல் கரைந்தது, கோடு சுத்தமாக இறங்கியது, வேகமும் கூடியது. எடின்பரோ எட்ச் என்று அதற்குப் பெயர். செம்புக்கான கலவை: 4 லிட்டர் ஃபெரிக் கரைசலுக்கு, முக்கால் லிட்டர் தண்ணீரில் கால் கிலோ சிட்ரிக் தூளைக் கரைத்த கரைசல். ஃபெரிக் குளோரைடைக் கட்டியாக வாங்கினால், தண்ணீரில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், அதன்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் இந்தத் தொட்டியில் போடவே கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும். அந்த இரண்டுக்கும் மயில்துத்தமும் சாப்பாட்டு உப்பும் சம எடையில் கரைத்த தண்ணீர் போதும். அலுமினியம் அதில் சூடாகி நுரைக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம்.

இரண்டாவது வழி மின்சாரம். உங்கள் பட்டறைக்கு இதைத்தான் மனசாரப் பரிந்துரைக்கிறேன். மயில்துத்தக் கரைசலில் படம் கீறிய செம்புத் தகட்டை நேர்முனையிலும், வெறும் செம்புத் தகட்டை எதிர்முனையிலும் மாட்டி, ஒரு வோல்ட் அளவில் நேர்மின்சாரம் (டி.சி.) கொடுத்தால், கோட்டிலிருந்து செம்பு கரைந்து எதிர்த்தகட்டில் போய்ப் படியும். இங்கே இழந்தது அங்கே சேர்வதால் கரைசல் தீர்வதே இல்லை, வருஷக்கணக்கில் அதே தொட்டியை வைத்துக்கொள்ளலாம். அந்தக் குறைந்த மின்னழுத்தத்தில் வாயு எதுவும் எழாது. பூச்சில்லாத பரப்பில் விழும் நுண்ணிய சொரசொரப்பு மையையும் பிடித்துக்கொள்ளும், ராசின் அக்வாடின்ட் இல்லாமலே தொனி வரும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை: இங்கிலாந்தில் தாமஸ் ஸ்பென்சரும் ஜான் வில்சனும் 1840இலேயே காப்புரிமை வாங்கினார்கள். ஆசிட் மலிவாக இருந்ததால் உலகம் அதை மறந்தது, 1990களில் செட்ரிக் கிரீன் போன்றவர்கள் மீட்டெடுத்தார்கள்.

இதைக் காரைக்குடியில் செய்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர்க்காரர்கள் ‘சிக்ரி’ என்போம். உலோகத்தை மின்சாரத்தால் கரைப்பதும் படியவைப்பதும் அங்கே இருப்பவர்களுக்கு அன்றாட வேலை. உங்கள் தொட்டியின் அளவையும் தகட்டின் பரப்பையும் எழுதி எடுத்துக்கொண்டு, எத்தனை ஆம்பியர் தேவை, தகடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஆய்வாளர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ஓவியர் இந்தக் கேள்வியோடு வந்தால் அவர்களுக்கும் சுவாரசியமாகத்தான் இருக்கும்.

தகட்டில் அரிக்கக் கூடாத இடங்களை மறைக்கப் பூசும் பூச்சுக்குத் தார், ராசின் கலந்த பழைய கிரவுண்டுக்குப் பதில் தண்ணீரில் குழைத்த அக்ரிலிக் பூச்சு வந்துவிட்டது. கனடாவில் கீத் ஹோவர்டு போன்றவர்கள் இதை வளர்த்தார்கள். வேலை முடிந்ததும் சலவை சோடாக் கரைசலில் ஊறவைத்தால் உரிந்து வரும். அதை ஏர்பிரஷ்ஷில் அடித்து அக்வாடின்ட் செய்பவர்கள், அக்ரிலிக் தானே என்று முகக்கவசத்தை மறந்துவிடுகிறார்கள். தெளிக்கும் துளி நுரையீரலுக்குள் போனால் அதுவும் பிளாஸ்டிக்தான்.

பயன்படுத்தித் தீர்ந்த ஃபெரிக் தொட்டியைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். அதில் செம்பு கரைந்து கிடக்கிறது. சலவை சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நுரைத்து அடங்கி, இரும்பும் செம்பும் சேறாகக் கீழே படியும். லிட்மஸ் தாள் வைத்துப் பார்த்து, நன்றாகத் தெளியவிட்டு, சேற்றைத் துணியில் வடிகட்டி உலர்த்தி, மூடிய டப்பாவில் லேபிள் ஒட்டிச் சேர்த்து வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த கழிவு நிறுவனத்திடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் புதைப்பது கூடாது. ‘மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையாக விவசாயி அடிக்கிறாரே’ என்று யாராவது சொல்வார்கள். வயலில் அளந்து தெளிப்பது ஒன்று, ஒரே குழியில் குவிப்பது வேறு.

துடைப்பதற்குத் தின்னர் தேவையே இல்லை. தேங்காயெண்ணெய் அல்லது கடலையெண்ணெயைத் தொட்டுத் துடைத்தால் எண்ணெய் மை இளகி வந்துவிடும், மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பு எடுத்துவிடும். தண்ணீரில் கழுவக்கூடிய எண்ணெய் மைகளும் இப்போது உண்டு, வேல்ஸில் செய்யப்படும் காலிகோ அவற்றில் நல்லது. இறக்குமதி விலையை நினைத்தால் கறுப்பு ஒன்றை மட்டும் வாங்கி, மற்ற நிறங்களை நீங்களே அரைக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஆளிவிதை எண்ணெய் மை துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றில் உலரும்போது தானாகச் சூடேறும், குவியலாக இருந்தால் தீயே இல்லாமல் பற்றிக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில், தேக்கு விட்டம் போட்ட வீட்டில், இதைவிடப் பெரிய அபாயம் உங்கள் பட்டறையில் கிடையாது. மூடியுள்ள இரும்பு வாளியில் தண்ணீருக்குள் போடுங்கள், அல்லது கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.

நிறம் அரைப்பது இந்த மண்ணில் எளிது. உங்கள் காலடியிலேயே செம்மண் இருக்கிறது. அதை நிறையத் தண்ணீரில் கலக்கி, பெருமணல் அடியில் தங்கியதும் மேல்நீரை வேறு பானையில் வடித்து, அது தெளிந்த பிறகு அடியில் கிடைக்கும் நைசான மண்ணை உலர்த்தினால் காவி நிறம் தயார். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் கண்ணாடிப் பலகையின் மேல் அரையுங்கள். கறுப்புக்கு விளக்குக்கரி. மண்ணும் கரியும் வெளுக்காது. மஞ்சள், பீட்ரூட், செம்பருத்தி என்று ‘இயற்கை’ நிறங்களில் அச்செடுப்பவர்களைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. மஞ்சள் வெயில் பட்ட சில வாரத்தில் ஓடிவிடும், காசு கொடுத்து வாங்கியவர் சுவரில் வெறும் காகிதம் தொங்கும். தாவர நிறம் வேண்டுமென்றால் நீலி, மஞ்சிட்டி மாதிரி நிலைத்தவற்றை எடுங்கள்.

காகிதம் பருத்திக் கந்தலில் செய்ததாக இருக்கட்டும், புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் கிடைக்கிறது. இங்கத்திய வறட்டுக் காற்றில் நனைத்த காகிதம் பிரஸ்ஸுக்குப் போவதற்குள் காய்ந்துவிடும், முதல் நாள் இரவே நனைத்து, அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இதற்கு நேர்மாறாக, அச்சிட்ட பிரதிகள் பூசணம் பிடிக்கும். பூச்சிக்கு நாப்தலின் உருண்டை வேண்டாம். சுவடிக்கட்டில் வைப்பது போல வசம்புத் துணுக்கும் நொச்சியிலையும் வைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் வரும்.

லித்தோவை ஏன் தள்ளிவைக்கச் சொன்னேன்? உங்கள் வீட்டு முகப்பிலேயே ஒருவேளை ரவிவர்மா ஓலியோகிராஃப் (எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும் பல நிற லித்தோ அச்சு) ஒன்று தொங்கும். 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வைத்து இழுத்தவை அவை. தேவகோட்டையில் 1957இல் பிறந்த அச்சோவியர் ஆர்.எம். பழனியப்பன் அமெரிக்காவின் டமரின்ட் லித்தோ நிறுவனம் வரை போய் லித்தோவைக் கற்றவர். ஆக இந்த மண்ணுக்கு அது அந்நியம் இல்லை. ஆனால் கல் லித்தோ முழுமையாக வேலை செய்யக் கோந்தில் நைட்ரிக் ஆசிட், தார், கரைப்பான் மூன்றும் வழக்கத்தில் இருக்கின்றன. மாற்று முறைகள் உண்டு, அவற்றை நிதானமாகப் பழக ஒரு தேர்ந்த கை உள்ளே இருக்க வேண்டும். ஆர்வம் தாங்கவில்லை என்றால் பிரான்ஸில் பிறந்த கிச்சன் லித்தோவை ஒரு மதியம் செய்து பாருங்கள்: அலுமினியத் தாள், சோப்பு அல்லது கிரேயான், அரிப்புக்குக் கோலா பானம்.

நிறத்தில் உயரம் தொட வேண்டுமென்றால் நம் பக்கத்துக்காரர் ஒருவர் வழி காட்டியிருக்கிறார். சித்தூர் மாவட்டத்தில் 1925இல் பிறந்த கிருஷ்ண ரெட்டி, பாரிஸின் அட்டலியே 17 என்னும் அச்சோவியப் பட்டறையில் விஸ்காஸிட்டி (மையின் பிசுபிசுப்பை மாற்றி நிறங்களைப் பிரிக்கும்) முறையை வளர்த்தார். ஒரே தகட்டில் வெவ்வேறு ஆழங்கள், வெவ்வேறு மென்மையுள்ள ரோலர்கள், எண்ணெய் கூடிய மை எண்ணெய் குறைந்த மையை ஏற்காமல் ஒதுங்குவது. எல்லா நிறமும் ஒரே இழுப்பில் விழும். அவர் தகடுகளைச் சிற்பம் போலக் கருவியால் குடைந்தவர். மையில் சேர்வது எண்ணெய் மட்டுமே, கரைப்பான் தேவையில்லை.

அந்த அட்டலியே 17ஐ ஆங்கில ஓவியர் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927இல் தொடங்கியபோது விதி எளிமையானது: மூத்தவரும் புதியவரும் ஒரே மேசையில் வேலை செய்வார்கள், கண்டுபிடித்ததை மறைக்க மாட்டார்கள். இந்தியாவில் வடோதராவின் ‘சாப்’ என்னும் அச்சோவியப் பட்டறை 1999 முதல் கலைஞர்கள் கையிலேயே இயங்குகிறது. போய் ஒரு வாரம் தங்கி, படம் எப்படி அச்சாகிறது என்பதை விட்டுவிட்டு, கணக்கு எப்படி எழுதுகிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது, மை தீர்ந்தால் யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்வது கலைக்கொள்கையில் இல்லை, கழுவாத ரோலரில்தான். மாதச் சந்தா, பிரஸ் நேரத்துக்கு ஒரு பதிவேடு, வெளியாட்களுக்குத் தனிக் கட்டணம், ஒவ்வொரு எடிஷனிலும் ஒரு பிரதி பட்டறைக்கு. இவற்றை முதல் மாதமே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். மாதத்துக்கு ஒருவர் என்று ‘தண்ணீர்ப் பொறுப்பு’ ஒன்றையும் சேருங்கள்: டிரம் நிரம்பியதா, சேறு வடிகட்டியாயிற்றா, துணி வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

பிரஸ்ஸைப் பற்றிக் கடைசியாக. வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. நல்ல லேத் பட்டறை ஒன்றும், ஓடும் பிரஸ் ஒன்றின் சரியான அளவுகளும் இருந்தால் கோயம்புத்தூரிலோ இங்கேயோ செய்யலாம். உருளை இரண்டும் துல்லியமாக இணையாக இருப்பதுதான் முக்கியம், மற்றது இரும்பு. ஆத்தங்குடிக் கல்லின் மேல் அதை நிறுத்தினால் கல் பிளக்கும், கருங்கல் பாவிய இடம் பாருங்கள். ஒருமுறை நிறுத்திய பிறகு அதை நகர்த்துவது பெரும்பாடு. ஆகவே வீட்டு விஷயத்தை அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். ஐயா வீடு என்று நீங்கள் சொன்னாலும் அது பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பங்குள்ள வீடாகத்தான் இருக்கும். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பங்காளிகள் ஒவ்வொருவரிடமும், இரண்டாங்கட்டை எத்தனை வருஷத்துக்கு, எந்த வேலைக்கு, வளவில் கல்யாணம் நடக்கும் நாளில் பட்டறை மூடியிருக்கும் என்பது உட்பட, எழுதி வாங்குங்கள். பிரஸ்ஸுக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு.